ஒயிட்சேப்பல் 1888: அதே வாரம் கிடைத்த முண்டத்தை மறந்த ஊர், இந்தக் கொலைகளை மட்டும் ஏன் விடவே இல்லை?

மைக்கறை

1888 அக்டோபர் 2. லண்டனில் தேம்ஸ் கரையோரம் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் நிலவறையில், தலையும் கைகால்களும் இல்லாத ஒரு பெண்ணின் உடல் துணியில் சுற்றிக் கட்டியபடி கிடைக்கிறது. கட்டடம் வேறு யாருடையதும் அல்ல, மெட்ரோபாலிட்டன் போலீஸின் புதிய தலைமையகம், நியூ ஸ்காட்லாந்து யார்டு. போலீஸுக்கென்று கட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டிருக்கிறான். ஒரு பத்திரிகைக்கு இதைவிட என்ன தலைப்பு வேண்டும்?

ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச இன்று ஆளில்லை. அதற்கு இரண்டே நாள் முன்னால், செப்டம்பர் 30 ஞாயிறு விடியுமுன், எலிசபெத் ஸ்ட்ரைடு, கேதரின் எட்டோஸ் என்ற இரண்டு பெண்கள் ஒரு மணி நேர இடைவெளிக்குள் கிழக்கு லண்டனில் கொல்லப்பட்டார்கள். "ஜாக் த ரிப்பர்" என்ற, யாரென்றே தெரியாத கொலையாளியின் கணக்கில் அந்த ஆண்டு ஒயிட்சேப்பல் வட்டாரத்தில் எழுதப்பட்ட ஐந்து கொலைகளில் அவை இரண்டு. அதை உலகம் இன்னும் பேசுகிறது.

வழக்கமான பதில், "கொடூரம் அதிகம், ஆளும் பிடிபடவில்லை." இரண்டும் தேம்ஸ் முண்டக் கொலைகளுக்கும் பொருந்துமே! 1887-இல் ரெய்ன்ஹாம் என்ற ஊரருகே ஒன்று, 1888-இல் இது, 1889-இல் இன்னும் இரண்டு. எதிலும் யாரும் பிடிபடவில்லை. எனவே அந்தப் பதில் போதாது என்பது என் எண்ணம். ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே பத்திரிகைகள். ஒன்று ஏன் பற்றிக்கொண்டது, மற்றது ஏன் அணைந்தது?

கொலையாளி யார் என்ற வாதத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அதற்குத் தனி இழைகள் இருக்கின்றன.

கிழக்குவாசல்

நல்ல கேள்வி. என் பதில் ஒரே சொல்லில்: மரண விசாரணை. கொரோனர் நீதிமன்றம், அதாவது சந்தேகச் சாவுகளைக் கொரோனர் என்ற அதிகாரி பொதுவில் விசாரிக்கும் மன்றம்.

ஐந்து கொலைகளுக்கும் நடந்த விசாரணை நாட்களைக் கூட்டிப் பாருங்கள். மேரி ஆன் நிக்கல்ஸ் (ஆகஸ்ட் 31) வழக்கில் 4 அமர்வுகள். ஆனி சாப்மன் (செப்டம்பர் 8) வழக்கில் செப்டம்பர் 10, 12, 13, 19, 26 என்று 5. ஸ்ட்ரைடு வழக்கில் அக்டோபர் 1, 2, 3, 5, 23 என்று இன்னொரு 5. எட்டோஸுக்கு அக்டோபர் 4, 11. மேரி ஜேன் கெல்லிக்கு (நவம்பர் 9) ஒரே நாள், நவம்பர் 12. மொத்தம் 17. செப்டம்பர் 1 முதல் நவம்பர் 12 வரை 73 நாட்களில் 17 நாள் பொது நீதிமன்றத்தில் சாட்சிகள் ஏறி இறங்கியிருக்கிறார்கள். நிருபர்கள் சுருக்கெழுத்தில் எடுத்து, கேள்வி பதிலாகவே பத்தி பத்தியாகப் போட்டார்கள். தொடர்கதை வாசிப்பவர்கள் அடுத்த வாரத்துக்குக் காத்திருப்பார்களே, அதே காத்திருப்பு. அக்டோபரில் ஒரு கொலைகூட நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் பரபரப்பு ஏறியது அந்த மாதத்தில்தான்.

முதல் மூன்று விசாரணைகளையும் நடத்தியவர் வின் எட்வின் பாக்ஸ்டர். எதையும் அவசரமாக முடிக்காத மனிதர். சாப்மன் வழக்கில் மருத்துவர் ஜார்ஜ் பிலிப்ஸ் உடலில் செய்யப்பட்ட சிதைவுகளைப் பொதுவில் சொல்ல மறுத்தார். செப்டம்பர் 19-இல் கொரோனர் அவரைத் திரும்ப அழைத்து, பெண்களையும் சிறுவர்களையும் அறையிலிருந்து வெளியேற்றிவிட்டுச் சொல்லவைத்தார். நாளிதழ்கள் அந்தப் பகுதியை "அச்சிடத் தகாதது" என்று விட்டுவிட்டன. லான்செட் மருத்துவ இதழ் 29-ஆம் தேதி வெளியிட்டது. விட்டுப்போன அந்த இடம் எழுதியதைவிட அதிகம் வேலை செய்தது என்றே சொல்வேன். வாசகர்களின் கற்பனைக்கு யாரும் கடிவாளம் போடவில்லை.

செப்டம்பர் 26-இல் அதே பாக்ஸ்டர் தன் தொகுப்புரையில், ஓர் அமெரிக்கர் கருப்பை மாதிரிகளுக்கு ஒன்றுக்கு 20 பவுண்டு தருவதாக ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தில் கேட்டிருந்தார் என்று ஒரு தகவலை வெளியிட்டார். நீதிமன்றத்தில் இருந்தே வந்த ஊகம்! மறுநாள் எந்தப் பத்திரிகை அதை விடும்?

இப்போது முண்டத்துக்கு வருவோம். அங்கேயும் விசாரணை நடந்தது. ஆனால் யாரைக் கேட்பது? பெயர் இல்லை, கணவன் இல்லை, விடுதிக்காரன் இல்லை, கடைசியாகப் பார்த்தவர் இல்லை. மருத்துவரும் கட்டட வேலையாட்களும் சொல்லி முடித்ததும் மேடை காலி.

அரைப்பென்னி

கிழக்குவாசல் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மேடை இருந்தால் போதாது, அதை வீடுவீடாகக் கொண்டுபோக வண்டி வேண்டும். அந்த வண்டி 1888-இல்தான் தயாராக இருந்தது.

செய்தித்தாள் மீதான முத்திரை வரி 1855-இல் போனது. காகித வரி 1861-இல் போனது. அதுவரை ஏழைக்கு எட்டாத விலை. 1870-இல் தொடக்கக் கல்விச் சட்டம். 1880-இல் பள்ளி கட்டாயம். 1870-இல்தான் தந்தி அரசுடைமையானது, பத்திரிகைகளுக்குச் சலுகைக் கட்டணம் வந்தது. அந்தப் பள்ளிகளில் படித்த முதல் தலைமுறை 1888-இல் இருபது வயதைத் தாண்டிக் கையில் காசோடு நிற்கிறது.

அந்த ஆண்டு ஜனவரி 17-இல் டி. பி. ஓ'கானர் 'ஸ்டார்' மாலை நாளிதழைத் தொடங்குகிறார். விலை அரைப் பென்னி. ஒயிட்சேப்பல் விடுதியில் ஓர் இரவுப் படுக்கைக்கு 4 பென்னி. அதாவது படுக்கைக் காசில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் பேப்பர். அதை விடுதியின் அடுப்படியில் ஒருவர் உரக்கப் படிக்க இருபது பேர் கேட்பார்கள்.

இன்னொன்று, நேரம். உடல்கள் கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தைப் பாருங்கள்: நிக்கல்ஸ் அதிகாலை 3.40, சாப்மன் 6 மணி வாக்கில், கெல்லி காலை 10.45. காலைப் பத்திரிகைகள் அதற்குள் அச்சேறிவிடும். முதலில் சொல்லும் வாய்ப்பு முழுக்க மாலைத்தாள்களுக்கு. மதியத்திலிருந்து இரவுவரை பதிப்பு மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு பதிப்புக்கும் பையன்கள் தெருவில் புதிதாகக் கூவுவார்கள். கெல்லி கொலை நடந்த நவம்பர் 9 லண்டன் மேயர் ஊர்வல நாள். ஊர்வலம் பார்க்க வந்து நின்ற கூட்டத்துக்குள்ளேயே இந்தக் கூவல் புகுந்துவிட்டது.

பாராளுமன்றம் ஆகஸ்ட் நடுவில் ஒத்திவைக்கப்பட்டு நவம்பர் தொடக்கத்தில்தான் மறுபடி கூடியது. செப்டம்பர், அக்டோபர் இரண்டும் அரசியல் செய்தி வறண்ட மாதங்கள். பக்கம் காலியாக இருந்தது.

தேம்ஸ்கரை

அரைப்பென்னி அவர்களே, வண்டி எல்லாக் குற்றங்களுக்கும் ஓடிய வண்டிதானே? அந்த வண்டி இந்தப் பாதையில் ஏன் திரும்பியது என்பதற்குக் காவல் துறையின் உள்சண்டையைப் பார்க்காமல் பதில் கிடைக்காது.

கமிஷனர் சர் சார்லஸ் வாரன் ராணுவ எஞ்சினியர். 1887 நவம்பர் 13-இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் வேலையற்றோரும் சோஷலிஸ்டுகளும் கூடியபோது போலீஸையும் படையையும் விட்டு அடித்துக் கலைத்தார். அன்றைக்கு "ரத்த ஞாயிறு" என்றே பெயர் விழுந்தது. பால் மால் கெஜட் போன்ற தீவிரப் பத்திரிகைகளுக்கு அன்றுமுதலும், இரண்டு மாதம் கழித்துத் தொடங்கிய ஸ்டாருக்குப் பிறந்த நாள்முதலும் வாரன் மேல் தீராத பகை. "கூட்டத்தைத் தடியால் அடிக்கத் தெரிந்தவருக்குக் கொலைகாரனைப் பிடிக்கத் தெரியவில்லை" என்ற வாதம் அவர்களுக்கு வசதியாகக் கிடைத்தது.

துப்பறியும் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் மன்ரோ வாரனோடு ஒத்துப்போகாமல் ஆகஸ்ட் இறுதியில் விலகினார். அவர் இடத்துக்கு வந்த ராபர்ட் ஆண்டர்சன் செப்டம்பர் தொடக்கத்திலேயே உடல்நலம் காரணமாக சுவிட்சர்லாந்துக்கு விடுப்பில் கிளம்பினார். சாப்மன் கொல்லப்பட்டதும் அதே சமயத்தில்தான். உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸ் அரசு சார்பில் பரிசுத்தொகை அறிவிக்க மறுத்துவிட்டார். பரிசு அறிவித்தால் பொய்ப்புகார்கள் பெருகும் என்ற பழைய அனுபவத்தால் உள்துறை சில ஆண்டுகளாகவே அந்த வழக்கத்தை நிறுத்தியிருந்தது. காரணம் நியாயமானதே. ஆனால் ஏழைப் பெண்கள் என்பதால்தான் மறுக்கிறார்கள் என்று கிழக்கு லண்டன் எடுத்துக்கொண்டது. எட்டோஸ் இறந்த மைட்டர் சதுக்கம் மெட்ரோபாலிட்டன் போலீஸில் சேராதது; லண்டனின் நடுவிலுள்ள சிட்டி என்ற வணிகப் பகுதிக்கான தனிப் போலீஸின் எல்லை. அவர்கள் 500 பவுண்டு அறிவித்தார்கள். பணக்கார எல்லைக்குள் விழுந்த உடலுக்குப் பரிசு, வெளியே விழுந்த நான்குக்கு ஒன்றுமில்லை என்று பேச்சு எழாமல் எப்படி இருக்கும்?

எல்லாவற்றையும்விட முக்கியம், மெட்ரோபாலிட்டன் போலீஸ் நிருபர்களிடம் வாய் திறப்பதில்லை. சாதாரண நாட்களில் அது வெறும் எரிச்சல். கொலைத் தொடரின் நடுவில் அது வெற்றிடம். நிருபர்கள் துப்பறிவாளர்களின் பின்னாலேயே நடந்தார்கள், அவர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் போன வீட்டில் மறுபடி கதவைத் தட்டினார்கள். கிடைத்ததை அச்சிட்டார்கள், கிடைக்காததை ஊகித்தார்கள்.

வாரனின் ராஜினாமா வெளியானதும் கெல்லி கொலையை ஒட்டிய நாட்களில்தான். கெல்லி கொலையால் விலகினார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள், தவறு. உள்துறை அனுமதியின்றிப் பத்திரிகையில் கட்டுரை எழுதியதற்காகக் கண்டிக்கப்பட்டு, கொலைக்கு முதல் நாளான நவம்பர் 8-இலேயே கொடுத்துவிட்டார்.

மைக்கறை

கொரோனர், மாலைத்தாள், வாய்மூடிய போலீஸ். மூன்றையும் ஏற்கிறேன். ஆனால் மூன்றும் செப்டம்பரிலேயே இருக்கின்றன. "ஜாக் த ரிப்பர்" என்ற பெயர் அக்டோபர் 1-இல்தான் அச்சுக்கு வந்தது. அதற்கு முன் கூட்டம் எதைப் பிடித்துக்கொண்டு பயந்தது?

கிழக்குவாசல்

"லெதர் ஏப்ரன்" என்ற பெயரை. தோல் முன்றானை, அதாவது வேலையின்போது உடைக்கு முன்னால் கட்டும் ஏப்ரன், கட்டியவன்.

தெருவில் தொழில் செய்யும் பெண்களை மிரட்டிக் காசு பறிப்பவன் ஒருவனைப் பற்றி அந்தப் பெண்கள் போலீஸிடம் சொல்லியிருந்தார்கள். ஸ்டார் செப்டம்பர் 5-இல் அதைப் பெரிதாக எடுத்து, யூதச் சாயலோடு, நாடக வில்லனைப் போல ஓர் உருவம் வரைந்தது. மூன்று நாளில் சாப்மன் கொலை. ஹான்பரி தெரு 29-ஆம் எண் வீட்டு முற்றத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், நனைந்த தோல் முன்றானை ஒன்று கிடந்தது. அது அந்த வீட்டில் பெட்டி செய்யும் தொழில் நடத்திய அம்மாளின் மகனுடையது, துவைத்துப் போட்டிருந்தார்கள். விளக்கம் நீதிமன்றத்துக்கு வருமுன் ஊர் கொதித்துவிட்டது.

செப்டம்பர் 10-இல் ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளியைப் பிடித்தார்கள். இரண்டு கொலை இரவுகளிலும் அவர் வேறு இடத்தில் இருந்தது நிரூபணமானது. 12-ஆம் தேதி கொரோனர் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதே, ஊர் அறிய அவர் பெயரைத் துடைக்கத்தான். அதற்குள் யூதர்கள் மீது தெருவில் கூட்டம் பாய்ந்தது, போலீஸ் கூடுதல் ஆட்களைப் போட வேண்டியிருந்தது. 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் நடந்த கலவரங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் இந்தத் தெருக்களில் நிறைந்திருந்தார்கள். 1887-இல்தான் இஸ்ரேல் லிப்ஸ்கி என்ற யூதர் ஒரு கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டிருந்தார். அந்தக் கொலை நடந்த பேட்டி தெரு, ஸ்ட்ரைடு இறந்த பெர்னர் தெருவுக்கு அடுத்த தெரு.

செப்டம்பர் 30 விடியுமுன் கோல்ஸ்டன் தெருவில் எட்டோஸின் முன்றானைத் துண்டும், அதற்கு மேலே சுவரில் யூதர்களைக் குறிக்கும் ஒரு சுண்ணக்கட்டி எழுத்தும் கிடைத்தன. புகைப்படம் எடுக்கும்வரை வைத்திருக்கலாம் என்று சிட்டி அதிகாரி கேட்டும், வாரன் நேரில் போய் அழிக்கச் சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் பெட்டிகோட் லேன் சந்தை, இன்னும் சற்று நேரத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். தடயத்தை அழித்தார் என்று இன்றும் ஏசுகிறார்கள். செப்டம்பர் மாத நிலைமை தெரிந்தால், அவர் எதற்குப் பயந்தார் என்பது புரியும்.

பழையதாள்

பெயர் விஷயத்தில் தேதி வரிசை ரொம்ப முக்கியம், அதை முதலில் சரியாகப் போடுகிறேன்.

கொலையாளியே எழுதியதாகச் சொல்லி, "ஜாக் த ரிப்பர்" என்று கையெழுத்திட்டு, சிவப்பு மையில் எழுதிய "டியர் பாஸ்" கடிதத்தில் போட்டிருக்கும் தேதி செப்டம்பர் 25. அஞ்சல் முத்திரை 27. போய்ச் சேர்ந்த இடம் சென்ட்ரல் நியூஸ் என்ற செய்தி நிறுவனம். அவர்கள் இரண்டு நாள் கையில் வைத்திருந்து 29-ஆம் தேதி ஸ்காட்லாந்து யார்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த சில மணி நேரத்தில் இரட்டைக் கொலை. அக்டோபர் 1 காலை டெய்லி நியூஸ் கடிதத்தை அச்சிட்டது. அன்றே ஒரு தபால் அட்டை, அதே பெயரில். 3-ஆம் தேதி போலீஸே இரண்டின் கையெழுத்தையும் படியெடுத்துப் போஸ்டராக ஒட்டியது. 4-ஆம் தேதி அந்தப் படிகள் பத்திரிகைகளில்.

"காதுகளை அறுத்து அனுப்புவேன்" என்று கடிதம் சொன்னது, எட்டோஸின் காதுமடலில் வெட்டு இருந்தது, எனவே உண்மை என்று வாதிடுபவர்கள் உண்டு. முகம் முழுக்க வெட்டு இருந்த உடலில் காதுமடலும் வெட்டுப்பட்டிருப்பதை வாக்கு நிறைவேற்றமாக நான் எடுக்கமாட்டேன். எதுவும் அனுப்பப்படவும் இல்லை. தபால் அட்டை "இரட்டை நிகழ்வு" என்று சொல்வதையும் அதிசயமாகக் காட்டுவார்கள். அதன் முத்திரை அக்டோபர் 1. ஞாயிறு முழுக்க ஊர் பேசிய செய்திதான் அது.

முகவரிதான் என்னை உறுத்துவது. ஒயிட்சேப்பல் சந்தில் இருப்பவனுக்கு ஸ்டார் தெரியும், லாய்ட்ஸ் தெரியும். பத்திரிகைகளுக்கே செய்தி விற்கும் சென்ட்ரல் நியூஸ் என்ற மொத்த வியாபாரியைத் தெரியுமா? ஒரு தாளுக்கு எழுதினால் ஒரு தாளில் வரும், நிறுவனத்துக்கு எழுதினால் எல்லாத் தாளிலும் வரும். இது தொழில் தெரிந்தவனின் யோசனை. ஆண்டர்சன் 1910-இல் இது லண்டன் பத்திரிகையாளர் ஒருவரின் படைப்பு என்று எழுதினார். சிறப்புப் பிரிவின் தலைவராக இருந்த லிட்டில்சைல்டு 1913-இல் ஒரு கடிதத்தில் சென்ட்ரல் நியூஸ் ஆட்களின் பெயரையே குறிப்பிட்டார்.

பெயரின் அமைப்பையும் பாருங்கள். ஜாக் என்றால் நம்மூரில் குப்புசாமி என்பது மாதிரி, எந்த ஆளுக்கும் பொருந்தும் பெயர். 1830-களிலிருந்து ஊரைப் பயமுறுத்திய "துள்ளிக்குதிக்கும் ஜாக்" கதையால் இருட்டில் பாய்கிறவனுக்கு அந்தப் பெயர் முன்பே பழக்கம். இரண்டாவது பாதி, "கிழிப்பவன்", செய்த வேலையைச் சொல்கிறது. கூவி விற்க இதைவிடத் தோதான பெயர் அமையாது. "லெதர் ஏப்ரன்" ஓர் ஆளைச் சுட்டியது, அந்த ஆள் கூண்டில் வந்து நின்றதும் பெயர் செத்தது. "ரிப்பர்" யாரையும் சுட்டவில்லை, அதனால் சாகவும் இல்லை.

போஸ்டர் ஒட்டியதன் பலன், நூற்றுக்கணக்கில் போலிக் கடிதங்கள். பிராட்ஃபோர்டில் ஓர் இளம்பெண்ணே இப்படி எழுதி அக்டோபரில் நீதிமன்றம் போனாள். அக்டோபர் 16-இல் ஒயிட்சேப்பல் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜார்ஜ் லஸ்குக்குப் பாதிச் சிறுநீரகத்தோடு வந்த "நரகத்திலிருந்து" கடிதம் தனி ரகம். அதில் ரிப்பர் கையெழுத்தே கிடையாது. இரண்டையும் ஒரே கட்டில் கட்டிவிடாதீர்கள்.

நூலகத்திண்ணை

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே!

வாரன் அக்டோபரில் உள்துறைக்குக் கொடுத்த கணக்கு: ஒயிட்சேப்பல் போலீஸ் பிரிவில் 233 பொது விடுதிகள், அவற்றில் தங்குவோர் சுமார் 8,500 பேர், பாலியல் தொழில் நடக்கும் வீடுகள் 62, அந்தத் தொழிலில் உள்ள ஏழைப் பெண்கள் ஏறத்தாழ 1,200. இது உலகத்தின் பணப்பெட்டியான சிட்டியிலிருந்து நடக்கும் தூரம். மைட்டர் சதுக்கம் சிட்டிக்குள்ளேயே இருக்கிறது. மேற்கு லண்டன் வாசகர்களுக்குக் கிழக்கு லண்டன் ஏற்கெனவே ஒரு பயம், ஒரு குற்ற உணர்ச்சி. 1883 முதலே சேரி அவலம் பற்றிய துண்டுப்பிரசுரங்கள், விவாதங்கள். சார்லஸ் பூத் தன் வறுமைக் கணக்கெடுப்பை 1886-இல் தொடங்கிவிட்டார்.

கொலைகளுக்கு ஒரு மாதம் முன்னால்தான் பக்கத்துப் பகுதியான போவில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அதைப் பத்திரிகையில் கொளுத்திப் போட்டவர் அன்னி பெசன்ட். ஆமாம், பின்னாளில் நம் அடையாறுக்கு வந்த அதே பெசன்ட் அம்மையார். ஆக 1888 கோடையில் நிருபர்களுக்குக் கிழக்கு லண்டன் வழி தெரிந்துவிட்டிருந்தது.

செப்டம்பர் 19-இல் செயின்ட் ஜூட்ஸ் பாதிரியார் சாமுவேல் பார்னெட் டைம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டவை தெருவிளக்கு, கண்காணிப்பு, வீட்டு உடைமையாளர்களின் பொறுப்பு. 24-ஆம் தேதி பெர்னார்ட் ஷா ஸ்டாரில் கோபத்தோடு எழுதினார்: நாங்கள் பிரசாரம் செய்து முடியாததை ஒரு கொலைகாரன் சாதித்துவிட்டான், இப்போதுதான் பணக்காரர்கள் கிழக்கே திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். கெல்லி கொலைக்கு மறுநாள் விக்டோரியா மகாராணி பிரதமர் சாலிஸ்பரிக்கு அடித்த தந்தியிலும் சந்துகளுக்கு விளக்கு போடச் சொல்கிறார். ஒரு தொடர் கொலைச் செய்தி, வீட்டுவசதி விவாதமாகவும் குடியேற்ற விவாதமாகவும் போலீஸ் சீர்திருத்த விவாதமாகவும் மாறியது. ஒவ்வொரு கட்சிக்கும் அதில் ஒரு பிடி கிடைத்தது. அதனால் யாருமே கீழே போடவில்லை.

மாலைப்பதிப்பு

இன்னொரு எளிய காரணம் விடுபட்டுள்ளது. ஐந்து பேருமே பாலியல் தொழிலாளிகள். காமமும் கொலையும் சேர்ந்தால் விற்கும்.

கிழக்குவாசல்

மாலைப்பதிப்பு, "ஐந்து பேருமே" என்பதை அவ்வளவு உறுதியாக எழுதாதீர்கள். கெல்லி விஷயத்தில் தெளிவு. ஸ்ட்ரைடு முன்பு ஸ்வீடனில் போலீஸ் பதிவில் இருந்தவர். மற்ற மூவரைப் பற்றி இன்றும் கடுமையான வாதம் நடக்கிறது. இரவில் தெருவில் இருந்த ஏழைப் பெண் என்றாலே போலீஸ் அந்தச் சொல்லைப் போட்டுவிடும்.

நிக்கல்ஸ் அச்சகத் தொழிலாளியின் மனைவி, ஐந்து குழந்தைகளின் தாய். சாப்மன் ஒரு வண்டிக்காரரைவிட்டுப் பிரிந்தவர். வாரம் 10 ஷில்லிங் வந்துகொண்டிருந்தது, 1886 கிறிஸ்துமஸில் அவர் இறந்ததும் நின்றது. அந்த இரண்டு பேருமே கொலையான இரவில் படுக்கைக் காசு இல்லாததால் விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள். எட்டோஸ் கென்ட் பக்கம் ஹாப் பறிக்கும் கூலி வேலை முடித்து வந்தவர். கூட வாழ்ந்தவரின் பூட்ஸை அடகு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவரிடம் இருந்த பொருட்களின் பட்டியல் விசாரணையில் வாசிக்கப்பட்டது: தேயிலைக்கு ஒரு தகரப் பெட்டி, சர்க்கரைக்கு ஒன்று, கடுகுத் தகரத்துக்குள் இரண்டு அடகுச் சீட்டு, வெள்ளைத் துணித் துண்டுகள் பன்னிரண்டு. வீடே இல்லாதவள் தன் வீட்டைப் பாவாடைப் பைகளில் சுமந்திருக்கிறாள்.

இதைப் படித்தவர்களுக்கு அவள் தெரிந்த முகமாகிவிட்டாள். வெறும் காமப் பரபரப்பு இதைச் செய்யாது. மைக்கறை கேட்ட முண்டத்துக்குக் கிடைக்காமல் போனதும் இந்தத் தகரப் பெட்டிகள்தான்.

பழையதாள்

பழைய தாள்களில் நேரடியாகத் தேடப் போகிறவர்களுக்குச் சில வேலை முறைகள். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

நிக்கல்ஸ், சாப்மன், ஸ்ட்ரைடு மூவரின் மூல விசாரணைப் பத்திரங்கள் தப்பவில்லை. எட்டோஸ், கெல்லி இருவருடையது உண்டு. எனவே முதல் மூவருக்குச் செய்தித்தாள்தான் ஆதாரம். டெய்லி டெலிகிராஃபை அடித்தளமாக வைத்து, டைம்ஸோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரே சாட்சியின் நேரம் இரண்டு தாளில் கால் மணி நேரம் மாறும், பெயர் எழுத்துக்கூட்டலும் மாறும். மூன்றாவதாக ஒரு வட்டாரத் தாளைப் பாருங்கள். தெருப்பெயர்களில் அவர்கள் அதிகம் தவறுவதில்லை. மூன்றும் ஒத்துப்போகாத விவரத்தைக் குறிப்பேட்டில் தனியாக வையுங்கள், கட்டுரையில் ஏற்றாதீர்கள்.

பிறகு, தேதியைப் பாருங்கள், பதிப்பையும் பாருங்கள். மாலைத்தாளில் முதல் பதிப்பில் வந்த வதந்தி கடைசிப் பதிப்பில் நீக்கப்பட்டிருக்கும். இணையச் சேகரிப்பில் பெரும்பாலும் ஒரு பதிப்புதான் இருக்கும். வெளியூர், அமெரிக்க, ஆஸ்திரேலியத் தாள்களில் வருவது லண்டன் தாளைத் தந்தியில் சுருக்கியது. அதைத் தனிச் சாட்சியாக எண்ணினால் ஒரே வதந்தி மூன்று ஆதாரமாகிவிடும்.

படங்களை நம்பாதீர்கள். அன்றைய நாளிதழில் புகைப்படம் அச்சாகாது, எல்லாம் செதுக்குப் படம். இல்லஸ்ட்ரேட்டட் போலீஸ் நியூஸ் போட்ட காட்சிகள் நிருபர் குறிப்பை வைத்து ஓவியர் வரைந்தவை.

தவறு எப்படி நிலைக்கிறது என்பதற்குக் கறுப்புப் பை ஒன்று போதும். ஸ்ட்ரைடு இறந்த இரவு பெர்னர் தெருவில் கறுப்புப் பையோடு ஒருவர் போனதை ஒரு பெண் பார்த்ததாகச் செய்தி வந்தது. லியான் கோல்ட்ஸ்டைன் என்பவர் தானே போலீஸ் நிலையம் போய், அது நான்தான், பையில் இருந்தவை காலி சிகரெட் பெட்டிகள் என்று சொல்லிவிட்டார். விஷயம் அங்கே முடிந்தது. ஆனால் பை முடியவில்லை. இன்றைக்கும் ரிப்பர் படம் வரைந்தால் கையில் டாக்டர் பை இருக்கும். மூடுபனியும் அப்படியே, அந்த இரவுகளைப் பற்றிய சாட்சியங்களில் அது இல்லை.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். போலீஸ் கோப்பில் 1888 ஏப்ரலில் தாக்கப்பட்ட எம்மா ஸ்மித் முதல் 1891 பிப்ரவரியில் இறந்த ஃபிரான்சஸ் கோல்ஸ் வரை 11 பெண்கள். "ஐவர்" என்பது போலீஸ் அதிகாரி மெக்நாட்டன் 1894-இல் எழுதிய குறிப்பிலிருந்து நிலைத்த கணக்கு. ஆகஸ்ட் 7-இல் 39 குத்துகளோடு இறந்த மார்த்தா டாப்ரமை 1888 பத்திரிகைகள் தொடரில் சேர்த்தே எண்ணின. அன்றைய பதற்றத்தை அளக்க நினைப்பவர்கள் அவர்களின் எண்ணிக்கையைப் பிடிக்க வேண்டும், நம் எண்ணிக்கையை அல்ல. செப்டம்பர் 1 தாளில் நிக்கல்ஸ் முதல் கொலை அல்ல, மூன்றாவது.

தேம்ஸ்கரை

பழையதாள் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். "மூன்றாவது" என்று எண்ணத் தொடங்கியதும் வாசகன் நான்காவதுக்குக் காத்திருப்பான். முண்டங்களை அப்படி எண்ண முடியவில்லை. ரெய்ன்ஹாம் 1887 மே, ஒயிட்ஹால் (அந்தப் புதிய போலீஸ் தலைமையகம்) 1888 அக்டோபர். நடுவில் ஏறக்குறைய பதினேழு மாதம். உடல் வேறு ஒரே நாளில் கிடைப்பதில்லை. ஒயிட்ஹால் பெண்ணின் கை செப்டம்பர் 11-இல் பிம்லிகோ பக்கம் ஆற்றில், முண்டம் அக்டோபர் 2-இல், கால் அக்டோபர் 17-இல் அதே நிலவறையில், ஒரு நிருபர் கொண்டுபோன நாய் மோப்பம் பிடித்து. எந்த நாளைக் கொலை நாள் என்று தலைப்பில் போடுவது? எந்தத் தெருவில் போய்க் கூட்டம் நிற்பது? ஹான்பரி தெருவில் அக்கம்பக்கத்து வீட்டார் தங்கள் சன்னலிலிருந்து முற்றத்தைப் பார்க்கக் காசு வாங்கினார்கள். தெருவில் தள்ளுவண்டிக்காரர்கள் பழம் விற்றார்கள். ஆற்றில் மிதந்து வந்த கைக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

மைக்கறை

இது வலுவான பதில். ஆனால் இந்த வாதத்தைச் சோதிக்க ஓர் இடம் இருக்கிறது: 1889 செப்டம்பர் 10. பின்சின் தெருவில், ரயில்வே வளைவுக்குக் கீழே இன்னொரு முண்டம். இந்த முறை ஆற்றில் இல்லை, ஒயிட்சேப்பலுக்குள். கண்டுபிடித்த நாளும் தெளிவு, தெருவும் தெளிவு. போலீஸும் அதை ஒயிட்சேப்பல் கோப்பில்தான் போட்டது. அப்போது என்ன நடந்தது?

தேம்ஸ்கரை

நடந்தது நம் வாதத்துக்கு நேராகப் பொருந்துகிறது. கேட்ட உடனே பத்திரிகைகள் ரிப்பர் திரும்பிவிட்டான் என்று ஓடின. கூட்டமும் கூடியது. கழுத்தறுப்பு முறையும் வெட்டுகளும் வேறு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தப் பெண் யார் என்று கடைசிவரை அடையாளம் தெரியவில்லை. சாட்சிக் கூண்டில் ஏற உறவு இல்லை, விடுதி இல்லை, அடகுச் சீட்டு இல்லை. விசாரணை இரண்டே அமர்வில் முடிந்தது.

அதற்கு மூன்று மாதம் முன்னால், 1889 ஜூனில் தேம்ஸில் துண்டு துண்டாகக் கிடைத்த பெண்ணை மட்டும் உடுத்தியிருந்த துணியையும் மணிக்கட்டுத் தழும்பையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். எலிசபெத் ஜாக்சன். தேம்ஸ் வரிசையில் பெயர் கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான். விசாரணையில் தாய் வந்து சாட்சி சொன்னதும் அவர் ஒருவருக்குத்தான்.